ஓரி ஏன் நாணினான்?

1

சேலம், நாமக்கல் பக்கத்து ஆள் ஒருத்தரைப் பிடித்து, "உங்க ஊர்ல என்னங்க விசேசம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பட்டியல் வரும். சேலத்துக்காரர் என்றால் மாம்பழம், வெண்பட்டு, ஜவ்வரிசி, இரும்பாலை, ஏற்காடு. நாமக்கல்காரர் என்றால் முட்டை, லாரி, ஆஞ்சநேயர், கொல்லிமலை. ராசிபுரத்துக்காரர் நெய்யை விடமாட்டார். திருச்செங்கோட்டுக்காரர் ரிக் வண்டியைச் சொல்வார். இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் அந்த வண்டி எங்க ஊர்ல இருந்துதான் போயிருக்கும் என்பார். கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப்பொய் கிடையாது.

பட்டியலைச் சொல்கிறவர் பெரும்பாலும் மாஞ்செடி வைத்தவர் இல்லை. தறியில் உட்கார்ந்தவர் இல்லை. பண்ணையில் முட்டை பொறுக்கியவரும் இல்லை. ஆனாலும் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறுகிறது. எனக்கும் ஏறும். சென்னையில் ஒரு தள்ளுவண்டியில் 'சேலத்து மாம்பழம்' என்று அட்டையில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், ஏதோ நானே தண்ணீர் கட்டிக் காய்க்க வைத்த மாதிரி ஒரு நினைப்பு வரும்.

இந்த நினைப்பு நியாயமா? நான் செய்யாத ஒன்றுக்கு நான் எப்படிப் பெருமைப்பட முடியும்? திண்ணையில் உட்கார்ந்து பொழுதுபோகப் பேசுகிற கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஊர்ப்பெருமை என்ற பேரில் நடந்த சில காரியங்களைப் பார்த்த பிறகு, அப்படி விட்டுவிட முடியவில்லை.

ஊரைப் பாடும் பாட்டுகளை வைத்து இதை யோசிக்கலாம் என்று தோன்றியது. ஒருத்தர் தனியாக நின்று தன் ஊரை மெச்சினால் நமக்குச் சிரிப்பு வரும். அதையே பாட்டாக்கி மேளத்தோடு பாடினால் நாமும் கூடச் சேர்ந்துகொள்வோம். பாட்டு 'நான்' என்பதை 'நாம' ஆக்கிவிடுகிறது. சிக்கல் அந்த 'நாம'வில்தான் இருக்கிறது.

2

ஊரைப் பாடுவதைத் தனி வகையாகவே வளர்த்து வைத்திருப்பவர்கள் ஜப்பானியர்கள். 'கோதோச்சி சாங்' என்று அதற்குப் பெயர். ஒரு வட்டாரத்தின் பேரையும் மலையையும் கடலையும் பனியையும் சொல்லிப் பாடும் பாட்டு. சுற்றுலாவுக்காக எழுதப்பட்டவை ஏராளம். அவற்றை விட்டுவிடலாம். வேறு மாதிரியானவை சில உண்டு.

போருக்குப் பிறகு, வடகிழக்கு ஜப்பானின் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளை மொத்தமாக ரயிலேற்றி டோக்கியோவின் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். அவர்கள் வந்து இறங்கிய இடம் உவெனோ ரயில் நிலையம். அந்தப் பிள்ளைகளின் மனநிலையை வைத்து இசாவா ஹச்சிரோ 1964இல் பாடிய பாட்டு பெரிய வெற்றி. அது ஊரைப் பற்றிய பாட்டுதான், ஆனால் ஊரில் இருந்து பாடுவது இல்லை. ரயில் வந்து நின்ற நகரத்தில் இருந்து பாடுவது. ஊர் என்பது தூரத்தில் இருந்து பார்க்கும்போதுதான் பாட்டாகிறது என்று எனக்குத் தோன்ற வைத்தது இந்தப் பாட்டு.

இதற்கு நேர் எதிராக ஒன்று. வடகோடி அவொமொரியில் இருந்து வந்த யோஷி இகுசோ 1984இல் ஒரு பாட்டுப் பாடினார். எங்க ஊர்ல டிவி இல்லை, ரேடியோ இல்லை, காரும் அவ்வளவாக ஓடாது, இந்த ஊர் எனக்கு வேண்டாம், நான் டோக்கியோ போகிறேன் என்று தன் வட்டார வழக்கிலேயே புலம்பும் பாட்டு. ஜப்பானே சிரித்துக்கொண்டு பாடியது. ஊரில் என்ன இல்லை என்று பட்டியல் போட்டாலும் ஊர்ப்பாட்டு ஆகிறது. இப்படி ஒரு பாட்டை எங்கள் பக்கத்தில் ஒருத்தர் எழுதிப் பாடிவிட்டு நிம்மதியாகப் பஸ்ஸ்டாண்டில் டீ குடிக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது, நாகானோ மாகாணத்தின் பாட்டு. 'ஷினானோ நோ குனி' என்று பேர். நாகானோவைச் சுற்றிலும் மலைகள், நடுவில் சமவெளிகள். ஒரு பக்கம் சேர்வராயன், ஒரு பக்கம் கஞ்சமலை, இந்தப் பக்கம் ஜருகுமலை என்று நிற்கும் சேலத்தை நினைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாகாணத்தின் புவியியலையும் வரலாற்றையும் சொல்லித்தர ஓர் ஆசிரியர் எழுதிய வரிகள் அவை. 1900இல் இப்போதைய மெட்டு வந்தது. 1968இல் மாகாணப் பாட்டாக அறிவித்தார்கள். பாட்டு முழுக்கப் பட்டியல்தான்: மலை, ஆறு, சமவெளி, விளைச்சல், பெரியவர்கள். எல்லாப் பகுதிக்கும் இடம் உண்டு.

அந்த மாகாணத்தில் வடக்கத்தியாருக்கும் தெற்கத்தியாருக்கும் ஆகாது. 1948இல் இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று சட்டமன்றத்தில் விவாதம் நடந்தபோது, பார்வையாளர் பகுதியில் இருந்தவர்கள் இந்தப் பாட்டைப் பாடத் தொடங்கினார்கள், பிரிவினைப் பேச்சு அத்தோடு அடங்கியது என்று அங்கே இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். வேறு அரசியல் காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் பிரிந்து போக வந்தவர்கள்கூடச் சேர்ந்து பாடும்படி ஒரு பாட்டு இருந்தது என்பதே எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது. காரணம் எளிமையானதுதான். அந்தப் பட்டியலில் இரண்டு தரப்பும் இருந்தன.

3

நமக்கும் இப்படி ஒன்று உண்டு. ரொம்பப் பேர் மறந்துவிட்டோம். சதகம். தொண்டை மண்டலத்துக்கு ஒன்று, சோழ மண்டலத்துக்கு ஒன்று என்று மண்டலத்துக்கு ஒரு சதகம் எழுதினார்கள். கொங்கு மண்டல சதகம் எழுதியவர் விஜயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர், சமணர். நூறு பாட்டு. பாட்டுக்கு ஒரு பெருமை. ஒவ்வொரு பாட்டும் மண்டலத்தின் பேரைச் சொல்லி முடியும். இந்த நூலைக் குறிப்புகளோடு பதிப்பித்தவர் திருச்செங்கோட்டு முத்துசாமிக் கோனார்.

இதை வெறும் பெருமையடிப்பு என்று தள்ளிவிட முடியாது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கொங்குநாட்டு நிரம்பையூரைச் சேர்ந்தவர் என்பதற்கு இந்தச் சதகத்தில் வரும் பாட்டைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். நன்னூல் எழுதிய பவணந்தியும் அதில் இருக்கிறார். யாரும் எழுதி வைக்காத ஒன்றை ஓர் ஊர்ப்பாட்டு ஞாபகம் வைத்திருக்கிறது. ஒருத்தர் இங்கே இருந்தார், இதைச் செய்தார் என்று பேரோடு சொல்வது பெருமையை விட நன்றிக்கு நெருக்கமானது.

ஆனால் இந்த மாதிரிப் பட்டியல்களில் யார் பேரோடு வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். புலவர் வருவார், கொடுத்த வள்ளல் வருவார், கோயில் கட்டியவர் வருவார். பண்ணயத்தில் ஆளாக நின்றவர், கவலை ஓட்டுவதற்குப் பறி தைத்துக் கொடுத்தவர், சாவுக்கும் சாமிக்கும் பறையடித்தவர் வரமாட்டார்கள். ஒரு மண்டலம் சாப்பிட்டது அவர்களால். பாடப்பட்டது மற்றவர்கள்.

ஊர்ப்பாட்டு என்ற விசயத்தில் எங்கள் சமவெளிக்கு ஒரு வேடிக்கையான வரலாறும் இருக்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் அங்கேதான் உருவானது. தமிழின் முதல் வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அவர்கள் எடுத்தது. நூறு படங்களுக்கு மேல். தென்னிந்தியா முழுக்க முணுமுணுத்த பாட்டுகள் ஏற்காடு அடிவாரத்தில் இருந்து கிளம்பின. அவற்றில் சேலத்தைப் பற்றிய பாட்டு எது என்று கேட்டால் எனக்குச் சட்டென்று ஒன்றும் வாயில் வரவில்லை.

இன்னொருவர் மோகனூரில் 1888இல் பிறந்த வெ. ராமலிங்கம் பிள்ளை. உலகத்துக்கு அவர் நாமக்கல் கவிஞர். 1930இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனவர்கள் பாடிக்கொண்டு நடந்தது அவர் எழுதிய பாட்டை. 1949இல் அரசவைக் கவிஞரானார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பேர்தான். தமிழை, தமிழரை, தேசத்தை எல்லாம் பாடிய மனுசர். ஊரைத் தன் பேரில் மட்டும் சுமந்துகொண்டு பாட்டை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். ஊர்ப்பற்றுக்கு இது ஒரு நல்ல முறை என்று நினைக்கிறேன். ஊரை உயர்த்திப் பிடிக்காமல், ஊரில் இருந்து கிளம்பி ஒன்றைச் செய்வது.

4

இப்போது அந்த 'நாம'வுக்கு வருகிறேன்.

என் மாமா ஒருத்தர் இருபது வருசம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். "நாக்பூரு தாண்டி ஒரு டாபாவுல டிஎன் 28 வண்டி நின்னுதுன்னு வையி, அன்னைக்கு நமக்கு நோம்பிடா மாப்ள" என்பார். முன்பின் தெரியாத டிரைவரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, சமைக்க வைத்திருந்த அரிசியைப் பங்குபோட்டு, டேப்பில் ஒரே பாட்டைக் கேட்டுவிட்டுக் கிளம்புவார்களாம். டிஎன் 34 என்றாலும் சரி, டிஎன் 30 என்றாலும் சரி, அங்கே எல்லாம் ஒரே ஊர்.

ஊர் பக்கம் வரவர இது சுருங்கும். நாமக்கல் பஸ்ஸ்டாண்டில் ரெண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேளுங்கள்.

"எந்த ஊருங்க?"

"நாமக்கல்லுதாங்க."

"நாமக்கல்ல எங்கிங்க?"

"சேந்தமங்கலம் பக்கம்."

"பக்கம்னா?"

ஊர்ப்பேர் வரும். பிறகு கடைசிக் கேள்வி: "அங்க யாரு வூடுங்க?"

எல்லாக் கேள்வியும் மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் கேட்கிறவருக்குத் தேவைப்படுவது கடைசிப் பதில் மட்டும்தான் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். நாக்பூரில் தேவைப்படாத பதில் இங்கே தேவைப்படுகிறது. தூரத்தில் இருந்து பாடும் ஊரும் பக்கத்தில் இருந்து பாடும் ஊரும் ஒன்றில்லை. உவெனோவில் இறங்கிய பையன் பாடியது நாக்பூரில் இருந்து தெரியும் ஊரை. நோம்பியன்று செட்டுக் கட்டி அலறவிடும் பாட்டு பல சமயம் கடைசிக் கேள்வியின் ஊரை.

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் ரிக் வண்டியில் வேலை செய்கிறான். வருசத்தில் பாதி ராஜஸ்தான், மீதி ஆந்திரா. நான் எங்கள் ஊரைப் பற்றி எழுதிய ஒன்றைப் படித்துவிட்டுப் போன் பண்ணினான். நல்லாத்தான் இருக்குது என்றான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "நீ எங்க ஊரு எங்க ஊருன்னு எழுதற. எங்கம்மா இன்னைக்கும் காலைல கெளம்பறப்ப 'ஊருக்குள்ள வேலைக்குப் போயிட்டு வாரேன்'னுதான் சொல்லுது. அப்ப நாங்க எங்கடா இருக்கறோம்?"

அவன் வீடு காலனியில். எங்கள் வீட்டில் இருந்து கூப்பிடு தூரம். பஞ்சாயத்து ஒன்று, ரேஷன் கடை ஒன்று, வாக்குச்சாவடி ஒன்று. ஆனால் பேச்சில் 'ஊர்' என்றால் ஊர்த்தெரு மட்டும்தான். இது அகராதியில் இருக்காது. ஆனால் அந்த அம்மாவின் வாயில் தினமும் இருக்கிறது. ஊர் என்ற சொல்லுக்கு உள்ளேயே ஒரு வேலி போட்டிருக்கிறோம். அந்த வேலியை எடுக்காமல் அதற்கு மெட்டுப் போட்டால், மெட்டு அவனையும் சேர்த்துக்கொண்டு பாடாது.

எனவே ஓர் ஊர்ப்பாட்டுக்கு முதல் சோதனை இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்: அந்த ஊரில் இருக்கும் எல்லோரும், பல்லைக் கடிக்காமல், அதைப் பாட முடியுமா?

5

இரண்டாவது சோதனை கொஞ்சம் கடினமானது. அதற்கு 2015ஆம் வருசத்துத் திருச்செங்கோட்டுக்குப் போக வேண்டும்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்த நாவல். குழந்தையில்லாத ஒரு தம்பதியின் கதை. நான்கு வருசம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது. புத்தகத்தை எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. கோயிலையும் ஊரையும் ஊர்ப் பெண்களையும் கேவலப்படுத்திவிட்டார், ஊர் மானம் போச்சு என்பது புகார். 2015 ஜனவரியில் நாமக்கல் கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை. அதன் பிறகு அந்த எழுத்தாளர் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகுதான் மறுபடி எழுத வந்தார். அந்த மௌன காலத்துக் கவிதைகளின் தொகுப்புக்கு அவர் வைத்த பேர் 'கோழையின் பாடல்கள்'. நம் சமவெளியில் இருந்து வந்த பாடல்கள்தான் அவையும். எந்த நோம்பியிலும் யாரும் பாடப்போவதில்லை.

அதே 2015, ஜூன் 23. ஓமலூர்ப் பக்கத்துத் தலித் இளைஞர் ஒருவர், பொறியியல் முடித்தவர், கூடப் படித்த பெண்ணோடு அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு வந்தார். கோயிலில் இருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடலாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம், ஒரு சாதி அமைப்பின் தலைவர் உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கும் சாமி இருக்கும் மலை அது.

இரண்டுக்கும் நடுவில் ஆறு மாசம்கூட இல்லை. என் சொந்தக்காரர்கள் சிலரிடம் இரண்டைப் பற்றியும் பேசியிருக்கிறேன். நாவலைப் பற்றிக் கேட்டால், "அதெப்படி நம்ம ஊரப் பத்தி அப்படி எழுதலாம்?" என்பார்கள். கொலையைப் பற்றிக் கேட்டால், "அது நாலு பேரு செஞ்சது, அதுக்கு ஊரு என்ன பண்ணும்?" என்பார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குச் சோறு போட்டவர்கள். ஆனால் இந்த இரண்டு பதிலும் ஒரே வாயில் இருந்து வர முடியாது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

முதல் பகுதியில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நான் செய்யாத ஒன்றுக்கு நான் பெருமைப்படலாமா? படலாம், ஒரு நிபந்தனையின் பேரில். நான் செய்யாத ஒன்றுக்கு வெட்கப்படவும் தயாராக இருக்க வேண்டும். ஆயிரம் வருசத்துக்கு முன் ஒருத்தர் எழுதிய உரை 'நம்ம' உரை என்றால், பத்து வருசத்துக்கு முன் பத்துப் பேர் செய்த கொலையும் 'நம்ம' ஊரில் நடந்த கொலை. குற்றம் நம்முடையது இல்லை, தண்டனையும் நம்முடையது இல்லை. ஆனால் வெட்கம் நம்முடையது. வரவுக்கு மட்டும் 'நாம' என்று எழுதிவிட்டுச் செலவுக்கு 'அவங்க' என்று எழுதினால் அது கணக்கே இல்லை.

இவ்வளவு பெரிய விசயத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்கு நடுவில் ஓடி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பேரைப் பாருங்கள், எவ்வளவு அழகு. சேலத்தில் பாலத்தின் மேல் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறோம். சாக்கடையும் சாயத்தண்ணியும். நம் ஊர்ப்பெருமைப் பட்டியலில் வெண்பட்டு இருக்கிறது, இந்த ஆறு இல்லை. பெருமை இல்லாவிட்டால் ஊரை யார் கவனிப்பார்கள் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெருமை பட்டுக்கு விளம்பரம் செய்யும், ஆற்றைப் பார்க்காது. ஆற்றைப் பார்க்க வைப்பது வெட்கம்தான். இந்தப் பாலத்தின் மேல் நின்று பிள்ளைக்கு ஆற்றின் பேரைச் சொல்லும்போது குரல் இறங்குகிறதே, அங்கிருந்துதான் ஏதாவது தொடங்க முடியும்.

ஊர் மானம் என்று சொன்னார்களே, அதற்கும் இந்த வெட்கத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வள்ளுவர் மானம் என்று சொன்னது வேறு. இன்று தெருவில் புழங்கும் மானம், அடுத்தவன் என்ன சொல்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சொன்னவன் மேல் பாயும். நாணம் என்பது யாரும் சொல்லாதபோதும் வரும். அது நம் தலையைத்தான் குனிய வைக்கும். ஜனவரியில் கிளம்பியது மானம். ஜூனில் வந்திருக்க வேண்டியது நாணம்.

6

நாணம் என்ற சொல்லை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் புறநானூற்றின் 152ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. வன்பரணர் பாடியது. எங்கள் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றியது.

பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியில் ஒரு வேட்டைக்காரனைப் பார்க்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஆளைப் பார்த்தால் கறி விற்கிறவன் மாதிரி இல்லை. ஒருவேளை ஓரியாக இருப்பானோ என்று சந்தேகம். சரி, பாடித்தான் பார்ப்போமே என்று முழவைக் கட்டி, யாழை எடுத்து, முறையாகப் பாடுகிறார்கள். பாட்டின் முடிவில் தலைவனைப் பேர் சொல்லிப் புகழ்கிறார்கள். அது தன் பேர் என்பதால் அவன் நாணுகிறான். எத்தனையோ நாடு சுற்றி வருகிறோம், உன்னைப் போல வேட்டைக்காரன் இல்லை என்று சொல்ல வருகிறார்கள். அதைச் சொல்லி முடிக்கவும் விடவில்லை. தான் வேட்டையாடிய மான்கறியைப் போட்டு, உருக்கிய நெய் மாதிரியான கள்ளை ஊற்றி, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். நடுக்காட்டில்.

ஒரே அம்பில் ஐந்து உயிர் என்பதைத்தான் நாம் பிடித்துக்கொண்டோம். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாசம் அரசு விழா எடுக்கிறது. வில்லாளி ஓரிதான் எல்லோருக்கும் தெரியும். நாணிய ஓரியை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த நாணம்தான் அம்பை விடப் பெரிசாகத் தெரிகிறது.

ஏன் நாணினான்? தன்னடக்கம் என்று சொல்லிவிடலாம். ராஜாவுக்குத் தன்னடக்கம் சுலபம், அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை என்று சந்தேகப்படவும் செய்யலாம். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். நாணிய உடனே அவன் செய்த காரியத்தைப் பாருங்கள். கொடுக்கிறான். கொடுத்த பொன்னைப் புலவர் எப்படிச் சொல்கிறார் என்றும் பாருங்கள். அது மலையில் பிறந்த பொன். ஓரி உண்டாக்கியது இல்லை. மலை அவனுக்குக் கொடுத்தது, அவன் அடுத்தவருக்குக் கொடுக்கிறான். தனக்கு வந்தது தன்னால் வந்தது இல்லை என்று தெரிந்தவனுக்குப் புகழைக் கேட்டால் கூச்சம்தான் வரும். கூச்சம் வந்தவன் கையில் இருப்பதைத் தள்ளிக் கொடுப்பான்.

தமிழில் புகழைக் கேட்டுக் கூசுவதற்கும் நாண் என்றுதான் பேர், தப்பைப் பார்த்துக் கூசுவதற்கும் நாண் என்றுதான் பேர். திருக்குறளில் பெருமைக்கு ஓர் அதிகாரம் உண்டு, நாணுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. நாணுடைமையின் கடைசிக் குறளில், உள்ளே நாண் இல்லாதவர் நடமாடுவது மரப்பாவை கயிற்றில் ஆடி உயிருள்ளது போல ஏமாற்றுவது மாதிரி என்கிறார் வள்ளுவர். அங்கே கயிற்றுக்கும் நாண் என்றே பேர். உள்ளே இருக்க வேண்டிய நாண் இல்லாதபோது, வெளியில் இருந்து ஒருவன் நாணைக் கட்டி ஆட்டுவான். எங்கள் பக்கத்தில் ஊர்ப்பெருமை, சாதிப்பெருமை என்று ஆடும் பையன்களைப் பார்க்கும்போது கயிறு யார் கையில் இருக்கிறது என்றுதான் என் கண் தேடுகிறது.

ஓரியின் கதை நல்லபடியாக முடியவில்லை. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். காரி ஓரியின் தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த இரைச்சலை நற்றிணையில் கபிலர் உவமையாகச் சொல்கிறார். அந்தக் காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன்தான். கபிலரே அவனையும் பாடியிருக்கிறார். பெருமை பாட எந்தப் பக்கத்துக்கும் புலவர் கிடைத்துவிடுவார்கள். பெருமையை மட்டும் வைத்து யார் சரி என்று கண்டுபிடிக்க முடியாது.

அதனால் எங்கள் சமவெளிக்கு ஒரு பாட்டு யாராவது எழுதினால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. கஞ்சமலையும் கொல்லியும் இருக்கட்டும், மாம்பழமும் முட்டையும் இருக்கட்டும். திருமணிமுத்தாறு அதன் நாற்றத்தோடு இருக்கட்டும். திருச்செங்கோட்டு மலையில் இருந்து திரும்பி வராத பையன் இருக்கட்டும். உரை எழுதியவர் பேர் வரும் இடத்தில் ரிக் வண்டியில் ராஜஸ்தானுக்குப் போனவன் பேரும் வரட்டும். டிவி இல்லை, ரேடியோ இல்லை என்று சிரித்த அந்த ஜப்பான்காரரைப் போல நம் ஊரில் என்ன இல்லை என்றும் கொஞ்சம் சிரிக்கட்டும். என் சிநேகிதனின் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது அதை முணுமுணுக்க முடிந்தால், அன்றைக்கு அது ஊர்ப்பாட்டு.

அப்படி ஒரு பாட்டைக் கேட்டு யாராவது வெளியூர்க்காரர் நம்மைப் பார்த்து, அடடா, உங்க ஊரு மாதிரி வருமா என்று சொன்னால், அவரை முடிக்க விடாமல், வாங்க முதல்ல சாப்பிடுங்க என்று சொல்லத் தெரிந்தால் போதும்.